பதினோராம் மணி வேளை

சிறுவயதில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கூலியாட்களைப் பற்றி ஓர் உவமை உண்டு. எங்கள் ஊர்க் கோயிலில் அதைப் படிக்கும்போது, கடைசியாக வந்த கூலியாட்கள் பதினோராம் மணி வேளையில் வந்தார்கள் என்று வரும். அதை நான் காலைப் பதினொரு மணி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு வந்தவன் மாலை வரையில் உழைக்கத்தானே போகிறான்? அவனுக்கும் முழுக் கூலி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? முணுமுணுத்தவர்கள் மீது எனக்குச் சினமாக இருந்தது.

ஒருநாள் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் என் மயக்கத்தைத் தீர்த்தார். அக்காலத்து யூதர்கள் பகற்பொழுதைச் சூரியன் உதிப்பதிலிருந்து கணக்கிட்டார்கள். மூன்றாம் மணி என்பது நமக்குக் காலை ஒன்பது. ஆறாம் மணி நண்பகல். பதினோராம் மணி என்பது மாலை ஐந்து. வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கையில் வந்தவனுக்கும் விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி! அன்றே நான் கட்சி மாறினேன். முணுமுணுத்தவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். அந்தக் கட்சியில் நெடுங்காலம் உறுப்பினனாகவே இருந்தேன்.

நண்பர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கட்சியிலிருந்து நான் வெளியேற முயன்ற கதை. முழுவதும் வெளியேறிவிட்டேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

உவமையைக் கேட்டறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆச்சி சொன்ன முறையிலேயே சொல்கிறேன். ஆச்சி திராட்சத்தோட்டத்தைக் கண்டதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில், ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் வேலை செய்து பழகியவர். ஆகவே அவர் வாயில் திராட்சத்தோட்டம் கொடிக்காலாக மாறிவிடும். கொடிக்கால்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆட்களை அழைத்துவருகிறார். ஒன்பது மணிக்குப் போகிறார். இன்னும் சிலர் நிற்கிறார்கள். நியாயமானதைத் தருகிறேன் என்று அவர்களையும் அழைக்கிறார். நண்பகலிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அப்படியே. மாலை ஐந்து மணிக்குப் போகும்போதும் சிலர் நிற்கிறார்கள். நாள் முழுதும் இங்கே ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கூலி கொடுக்கும்போது, கடைசியில் வந்தவனிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கிறார். வெயிலைத் தாங்கியவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களுள் ஒருவனை நண்பனே என்று அழைத்து, நான் உனக்கு அநியாயம் செய்யவில்லையே, பேசிய கூலியைத் தந்துவிட்டேனே, நான் நல்லவனாய் இருப்பது உனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று கேட்கிறார்.

அவ்வளவுதான் உவமை. அந்தக் கேள்விக்கு அவன் என்ன மறுமொழி சொன்னான் என்பது நூலில் இல்லை.

இதில் வரும் கூலி, ரோமருடைய தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ‘பணம்’ என்று வரும். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஒரு குடும்பம் ஒரு நாள் உண்பதற்குக் காணும் தொகை. கூலியைப் பொழுது சாய்ந்ததும் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. ஏழைக் கூலியாளின் ஊதியத்தை அன்றைய சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். உபாகமம் இருபத்து நான்காம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அன்று கூலி கிடைத்தால் அன்று அடுப்பு எரியும் என்னும் நிலையில் இருந்தவர்களை மனத்திற்கொண்டு எழுதிய சட்டம் அது. காசில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தால் வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குப் பசியா தீரும்?

இவையெல்லாம் எனக்குப் பரீட்சைக்குப் படித்தவை போல நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? தெரிந்ததெல்லாம் சென்ற பொங்கலன்று ஒரு நொடியில் எங்கோ போய்விட்டது.

நம் மன்றத்தின் பொங்கல் விழாவை நீங்கள் அறிவீர்கள். தில்லியின் தைக் குளிரில் விடியுமுன் எழுந்து, புல்வெளியில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டி, பனியில் நனைந்த விறகோடு போராடியவர்களுள் நானும் ஒருவன். அரிசி களைந்தேன், வெல்லம் பொடித்தேன், அடி பிடித்த பானையைத் தேய்த்தேன். அதற்கு முன் பத்து நாட்கள் விடுதி விடுதியாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டியிருந்தேன். பிற்பகலில் விழா முடிந்து, மிச்சத்தைப் பாத்திரங்களில் பகிர்ந்துகொண்டிருந்தோம். அப்போது முதலாண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து ஓரமாக நின்றான். செயலாளராக இருந்த அக்கா அவனைப் பார்த்ததும், “வா தம்பி, உனக்குத்தான் வைத்திருக்கிறேன்” என்று சொல்லி ஒரு கிண்ணம் நிறையப் பொங்கலை எடுத்து நீட்டினார். மேலே முந்திரி வேறு. என் கிண்ணத்திலும் அதே அளவுதான் இருந்தது.

நான் சிரித்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி, “அடுப்பு மூட்டும்போது வழி தெரியவில்லை, சாப்பிட மட்டும் வழி தெரிந்துவிட்டதா தம்பி?” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “இல்லை அண்ணா, சும்மா பார்க்கத்தான் வந்தேன்” என்று சொல்லிப் போய்விட்டான். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிண்ணம் மாலை வரையில் மேசைமேலேயே இருந்தது.

அன்றிரவு வழக்கம்போல் அப்பாவுடன் கைபேசியில் பேசினேன். விழாச் சிறப்பையெல்லாம் சொன்னேன். இந்த நிகழ்ச்சியையும் ஒரு வேடிக்கையாகவே சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவர், “ஏலே, நீ அங்கன படிக்கதே அப்படி வந்த காசுலதான்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்.

என் அப்பா கொத்தனார். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலும் திருநெல்வேலியிலும் பெய்த பெருமழையும் தாமிரபரணியின் வெள்ளமும் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த பின்னும் எங்கள் பக்கத்தில் பல நாட்கள் கட்டட வேலை இல்லை. வேலை நடந்த இடமெல்லாம் சேறு. வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் பணம் இல்லை. அப்பா நாள்தோறும் காலையில் தூக்குச்சட்டியோடு பஜார் முக்குக்குப் போவார். ஆள் தேடி வருபவர்கள் அங்கேதான் வருவார்கள். பத்து மணிக்குமேல் யாரும் வரமாட்டார்கள் என்பது அங்கே நிற்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் அப்பா மாலை வரையில் நிற்பாராம். ஏன் என்று கேட்டேன். “வீட்டுக்கு வந்தா உங்க அம்மா மொகத்தப் பார்க்கணும்லா” என்றார்.

அப்படி நின்ற ஒருநாள் மாலை நான்கு மணிக்குமேல் ஒருவர் வந்தார். வெள்ளத்தில் சேதமான வீட்டைச் சீராக்கி, அன்று கான்கிரீட் தளம் போட்டுக்கொண்டிருந்தார். தளம் போடும் வேலையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இன்று பாதி, நாளை பாதி என்று போட்டால் இரண்டும் சேரும் இடத்தில் பிடிப்பு இராது. பின்னால் நீர் கசியும். இருட்டுமுன் முடிக்க வேண்டும், ஆள் போதவில்லை. அப்பா கொத்தனார் என்பதையெல்லாம் பாராமல் கையாளாகப் போய்க் கலவைச் சட்டி சுமந்தார். இரண்டு மணி நேர வேலை. முடிந்ததும் வீட்டுக்காரர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, காலையில் வந்தவர்களுக்குக் கொடுத்த முழுக் கூலியையே அப்பாவின் கையிலும் வைத்தார்.

“மத்தவங்க ஒண்ணும் சொல்லலியாப்பா?” என்று கேட்டேன்.

“சொல்லாம இருப்பாங்களா? காலையில இருந்து சட்டி தூக்கினவன் சொல்லத்தான் செய்வான். அவன் கோவம் நியாயந்தான். எனக்கே கை கூசிச்சு. திருப்பிக் கொடுத்துறலாமான்னு நெனச்சேன். ஆனா மறுநா உனக்குப் பரீட்சைக்கு மனுப் போடக் கடைசி நாள்னு சொல்லியிருந்தே. வாங்கிக்கிட்டேன்.”

அந்த மனு, நண்பர்களே, இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்கு நான் போட்ட மனு. அப்பா யாரிடமோ கடன் வாங்கி வந்தார் என்றே நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் எனக்குச் சொல்லவில்லை, வெட்கம். உழைத்ததற்கு மேல் வாங்கிய கூலி அது என்ற எண்ணம் அவரை விட்டு இன்னும் போகவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடியற்காலையில் வந்த கூலியாள் என்று என்னை நானே எண்ணிக்கொண்டு எத்தனை ஆண்டுகள் இறுமாந்திருந்தேன்! படித்தேன், மதிப்பெண் வாங்கினேன், வடநாடு வந்தேன், எல்லாம் என் உழைப்பு என்று. பார்க்கப்போனால் நான் பதினோராம் மணிக் காசில் வந்தவன். ஒரு தெரியாத மனிதர் தம் கையில் இருந்ததைக் கணக்குப் பாராமல் கொடுத்ததால் வந்தவன்.

நம் இலக்கணத்தில் உவமைக்குத் தனி இயலே உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியலை நம்மில் தமிழ் பயின்றவர்கள் அறிவார்கள். தெரிந்த ஒன்றைக் காட்டித் தெரியாத ஒன்றை விளங்கச் செய்வது உவமை என்று பள்ளியில் கற்றோம். வேதாகமத்து உவமைகளில் இதற்கு மேலும் ஒரு வேலை நடக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சாமுவேலின் இரண்டாம் நூலில், நாத்தான் என்னும் தீர்க்கதரிசி தாவீது அரசனிடம் ஒரு கதை சொல்கிறார். ஆடுமாடு நிரம்பிய செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்குச் சமைப்பதற்காக, ஏழை ஒருவன் பிள்ளையைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டான் என்பது கதை. தாவீது கொதித்தெழுந்து அந்தச் செல்வன் சாகவேண்டியவன் என்று தீர்ப்புச் சொல்கிறான். அந்த மனிதன் நீயே என்கிறார் நாத்தான். தீர்ப்புச் சொன்ன வாய் அடைத்துப்போகிறது. அடுத்தவன் மனைவியைக் கவர்ந்தவன் தாவீது அல்லவா?

இயேசுபெருமானின் உவமைகளும் பெரும்பாலும் இப்படியே செய்கின்றன. கூலியாட்களின் உவமை யாருக்குச் சொல்லப்பட்டது என்று முந்திய அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். அதற்கு விடை சொல்லி வரும் வழியில்தான் இந்த உவமை வருகிறது. ஆகவே இது அயலாருக்குச் சொன்னது அன்று. முதலில் வந்த சீடருக்கே சொன்னது. லூக்காவில் வரும் கெட்ட குமாரன் கதையும் அத்தகையதே. பாவிகளோடு இவர் உண்கிறாரே என்று முணுமுணுத்தவர்களுக்குச் சொன்னது அது. அதனால்தான் இளையவன் வீடு திரும்பியதோடு கதை முடியவில்லை. வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கும் மூத்தவனிடம் போய்ப் பேசுகிறார் தகப்பனார். அவன் உள்ளே போனானா இல்லையா என்பதை லூக்காவும் எழுதவில்லை. நாம்தான் எழுத வேண்டும் போலும்.

இன்னொன்றும் எனக்குப் பட்டது. கொடிக்கால்காரர் விரும்பியிருந்தால் முதலில் வந்தவர்களுக்கு முதலிலேயே கூலி கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர்கள் மனநிறைவோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள், சண்டையே இல்லை. அவர் வேண்டுமென்றே கடைசியில் வந்தவனுக்கு முதலில் கொடுக்கிறார். மற்றவர்கள் பார்க்கட்டும் என்று கொடுக்கிறார். அடுத்தவன் கையிலிருக்கும் காசைக் கண்ட பிறகுதான் நம் கையிலிருக்கும் காசு சிறுத்துப்போகிறது. என் கிண்ணத்துப் பொங்கலும் அப்படித்தான் சிறுத்தது.

பொருளியல் படிக்கும் நண்பர் ஒருவரோடு சில நாட்களுக்குப் பின் வெளியே போயிருந்தேன். தில்லியின் நாற்சந்திகள் சிலவற்றில் ‘லேபர் சௌக்’ என்று பெயர் வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் இடத்தைக் கடந்தோம். சுண்ணாம்பு வாளியும் தூரிகையும் கரண்டியும் முன்னே வைத்துக்கொண்டு சிலர் குந்தியிருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். காலைப் பதினொரு மணி. நான் சிறுவயதில் நினைத்த அதே பதினோராம் மணி! நண்பருக்கு உவமையைச் சொன்னேன்.

அவர் உடனே, “இப்படிக் கொடுத்தால் மறுநாள் எவன் விடியற்காலையில் வருவான்? எல்லாரும் ஐந்து மணிக்குத்தானே வருவார்கள்?” என்றார்.

நல்ல கேள்வி. இந்த உவமையைக் கேட்கும் எல்லாரும் கேட்கும் கேள்வி. நானும் அப்பாவிடம் இதைக் கேட்டிருந்தேன். அப்பா, “மறுநா விடியுமுன்னே போயி முக்குல நின்னேன்ல” என்றார். அதை அப்படியே நண்பருக்குச் சொன்னேன். சோம்பேறி காலையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவான். மாலை ஐந்து மணி வரையில் சந்தியில் நிற்பவன் வேலையை விரும்பாதவன் அல்லன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக இயலாதவன்.

நண்பர் விடவில்லை. “இது உங்கள் வேதம், பொருளியலுக்கு ஆகாது” என்றார். இந்த உவமை கோயிலுக்கு வெளியேயும் நெடுந்தூரம் நடந்திருக்கிறது என்று அவருக்கு நினைவூட்டினேன். ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் 1860இல் பொருளியலைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதினார். அவை 1862இல் நூலாக வந்தன. ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்பது நூலின் பெயர். இந்தக் கடைசி மனிதனுக்கும் என்று பொருள்படும் அந்தப் பெயர் இந்த உவமையிலிருந்தே எடுத்தது. 1904இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போன காந்தியடிகளுக்கு ஒரு நண்பர் அதைக் கொடுத்தார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. வழக்கறிஞர் தொழிலுக்கும் முடிதிருத்துவோர் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே. பிழைக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பது அதில் அவர் கண்ட பாடங்களுள் ஒன்று. 1908இல் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் சர்வோதயம். யூதேயாவின் கடைத்தெருவில் நின்ற கூலியாள் இப்படி நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தார்.

நண்பர் சிரித்து, “சரி, சிந்திக்கிறேன்” என்றார். அவர் முற்றும் ஒப்பவில்லை. காலையில் வந்தவனின் களைப்புக்கு உவமையில் மறுமொழி இல்லை என்கிறார். அதுவும் உண்மையே. என் அப்பாவும் அவன் கோபம் நியாயம் என்றுதானே சொன்னார். அவனுக்குப் பேசிய கூலி குறையவில்லை. ஆயினும் அவன் முதுகு வலித்தது வலித்ததுதான். அந்த வலியைக் கொடிக்கால்காரர் பழிக்கவில்லை. நண்பனே என்றுதான் அழைக்கிறார். நியாயமான வலியோடு நிற்பவனையும் பிறனுடைய நன்மையில் மகிழ அழைப்பது எளிய அழைப்பு அன்று. அதனால்தான் அதற்கு விசுவாசம் என்று பெயரிட்டார்கள் போலும்.

ஒரு வாரம் தயங்கிய பின் அந்த முதலாண்டு மாணவனைத் தேடிப் போனேன். விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். “அன்றைக்கு நான் பேசியது தவறு தம்பி” என்றேன். “பரவாயில்லை அண்ணா, விளையாட்டுக்குத்தானே சொன்னீர்கள்” என்றான். விளையாட்டு அன்று என்பது இருவருக்கும் தெரியும்.

“காலையிலேயே வந்திருக்கலாமே?” என்று கேட்டேன்.

அவன் சற்றுத் தயங்கி, “வந்தேன் அண்ணா. மூன்று முறை அந்தப் பக்கமாக நடந்தேன். எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தீர்கள். எனக்கு யாரையும் தெரியாது. யாரும் கூப்பிடவில்லை, எப்படி வருவது என்று திரும்பிவிட்டேன்” என்றான்.

எங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை! சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட அந்த மறுமொழியை அன்றுதான் நான் முதன்முதலாகக் காதால் கேட்டேன். முதலாண்டு மாணவர்களை அறைக்கு அறை சென்று அழைக்கும் பொறுப்பு விழாக்குழுவில் யாருடையது தெரியுமா? என்னுடையது. நன்கொடை தரக்கூடிய மூத்தவர்களின் அறைகளுக்கெல்லாம் ஏறினேன். இவர்களுடைய தளத்துக்கு அறிவிப்புத் தாள் ஒன்றை ஒட்டியதோடு சரி. கொடிக்கால்காரர் ஒரே நாளில் ஐந்து முறை கடைத்தெருவுக்குப் போனார். நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

அந்தத் தம்பி என்னை மன்னித்தானா என்பது தெரியாது. வழியில் கண்டால் தலையசைக்கிறான். மன்றத்துக்கு இன்னும் வரவில்லை.

அன்றாட வாழ்வில் விசுவாசம் என்றால் என்ன என்று நம் மன்றத்துப் பிற சமய நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. முன்பெல்லாம் நீளமாக விடை சொல்வேன். இப்போது எனக்கு ஒரு சிறிய பழக்கம் மட்டும் உண்டு. மாலையில் விளக்கேற்றும் நேரத்தில், இன்று நான் அந்த உவமையில் எங்கே நின்றேன் என்று கேட்டுக்கொள்கிறேன். கூப்பிடுவாரின்றிச் சந்தியில் நின்றேனா? வெயிலில் உழைத்துவிட்டு அயலான் கையைப் பார்த்து முணுமுணுத்தேனா? அழைக்கக் கடமைப்பட்டிருந்தும் அழைக்கப் போகாமல் இருந்தேனா? பெரும்பாலான நாட்களில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் நிற்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கும் அடுப்பு மூட்டுவோம். அதற்கு முன் அந்தத் தளத்தின் அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவதற்கு எனக்குத் துணை வேண்டும். வர விரும்பும் நண்பர்கள் எந்த நேரத்தில் வந்தாலும் சரி. மாலை ஐந்து மணிக்கு வந்தாலும் சரி.